கிரெண்டைசர் பேசிய அரபு

ஜப்பானிய அசைவூட்டப் படங்கள் உலகெங்கும் பரவிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்காவையே மையமாகக் கொள்கின்றனர். மொழி வரலாற்றில் ஆர்வமுடையோர் பார்க்கவேண்டிய இடம் பெய்ரூத் என்பது என் கருத்து.

1975 அக்டோபரில் ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கிய 'யூஃபோ ரோபோ கிரெண்டைசர்' கோ நாகாயின் படைப்பு; 74 பகுதிகள் கொண்டது. வேகா படைகளால் தன் கோளை இழந்த இளவரசன் டியூக் ஃபிளீடு, பூமியில் தாய்சுகே என்ற பெயரில் அறிவியலாளர் ஒருவரின் வளர்ப்பு மகனாக மறைந்து வாழ்கிறான். நாகாயின் முந்தைய 'மஜிங்கர் இசட்' அளவுக்குத் தன் நாட்டில் இத்தொடர் புகழ்பெறவில்லை. 1978 ஜூலையில் 'கோல்டொராக்' என்ற பெயரில் பிரான்சுக்குச் சென்றபோது மாந்தர் பெயர்களெல்லாம் மாற்றப்பட்டன; தாய்சுகே அங்கே 'அக்தாருஸ்' ஆனான். வரவேற்பைப் போலவே, குழந்தைகளை இது கெடுக்கிறது என்ற கண்டனமும் அங்குப் பெரிதாக எழுந்தது.

அதே தொடரை உள்நாட்டுப் போருக்கு நடுவே லெபனான் கலைஞர்கள் அரபியில் பேசவைத்தனர். நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் ஜிஹாத் அல்-அத்ரஷ். முகப்புப் பாடலைப் பாடியவர் சாமி கிளார்க். தாய்சுகே, கோஜி, ஹிகாரு என்ற பெயர்கள் மாற்றப்படவில்லை. ஜப்பானிய ஊடகப் பொருள்கள் தம் 'பண்பாட்டு வாடை'யை நீக்கிக்கொண்டே எல்லை கடக்கின்றன என்னும் கோஇச்சி இவாபுச்சியின் புகழ்பெற்ற கருத்தை இங்கே சற்றுத் தயக்கத்துடனே பொருத்த வேண்டியிருக்கிறது.

பெயர்களைவிட முக்கியமானது, தேர்ந்துகொண்ட மொழி. அரபு, இரட்டை வழக்கு மொழி. வீட்டில் பேசுவது வட்டார வழக்கு. பள்ளியிலும் செய்தியிலும் வழங்குவது 'ஃபுஸ்ஹா' எனப்படும் செவ்வழக்கு. செவ்வழக்கைத் தாய்மடியில் கற்ற குழந்தை எங்கும் இல்லை. ஆயினும் கிரெண்டைசர் அதிலேயே பேசியது. 'இன்தலிக்' (புறப்படு) என்று அந்த எந்திரத்துக்கு இடப்படும் கட்டளையும் செவ்வழக்கு ஏவல் வினைதான். காரணத்தை மொழிப்பற்றில் மட்டும் தேடுவது பிழை. லெபனான் வழக்கில் பேசினால் வளைகுடாவிலோ மக்ரிபிலோ விற்பது கடினம். செவ்வழக்கில் ஒருமுறை பதிவு செய்தால் அரபு நாடுகள் அனைத்துக்கும் அது போதும். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி கல்விக்கும் உதவவேண்டும் என்ற எண்ணமும் அக்காலத்தில் வலுவாக இருந்தது. 1979இல் குவைத்தில் உருவான 'இஃப்தஹ் யா சிம்சிம்' எளிய செவ்வழக்கில் அமைந்தது அதனால்தான். மியாசாகியின் 'எதிர்காலச் சிறுவன் கோனன்' அரபியில் 'அத்னானும் லீனாவும்' ஆனபோதும் மொழி மாறவில்லை. (தமிழும் இரட்டை வழக்கு மொழியே. எனினும் தமிழில் ஷின்-சானும் டோரேமானும் பேச்சு வழக்கிலேயே உரையாடுகின்றனர். இவ்வேறுபாடு தனி ஆய்வுக்குரியது.)

செவ்வழக்கு உயிரற்றது, உணர்ச்சியைத் தாங்காது என்ற வாதம் அரபு அறிவுலகில் பழையது. டிஸ்னி படங்கள் நெடுங்காலம் எகிப்திய வழக்கில் வந்தன. 2013இன் 'ஃப்ரோசன்' செவ்வழக்கில் வந்தபோது அவ்வாதம் மீண்டும் எழுந்தது. அதற்கு விடையாகக் கிரெண்டைசரைக் காட்டலாம் என்றாலும் முழுமையான விடையாகாது. நாடிழந்த இளவரசனும் விண்வெளிப் போரும் காப்பியத்துக்கு உரிய பொருள்கள். உயர்நடை அவற்றுக்கு இயல்பாகவே பொருந்தும்.

கடினமான சோதனை 'கேப்டன் சுபாசா'. அரபியில் சுபாசா 'கேப்டன் மாஜித்' ஆனான். இம்முறை பெயர் மாறிவிட்டது. பள்ளிச் சிறுவர்கள் மூச்சிரைக்க ஓடி, பந்தைத் தரச்சொல்லிக் கூவுவதும் தோற்று அழுவதும் செவ்வழக்கிலேயே நிகழ்கின்றன. எந்த அரபு நாட்டு மைதானத்திலும் சிறுவர்கள் அவ்வாறு பேசுவதில்லை. எனினும் அவர்கள் அதைப் பார்த்தார்கள், விரும்பினார்கள். மாஜித் யாரும் பேசாத மொழியைப் பேசுகிறானே என்பது அவர்களுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.