தோணியை அளந்து வைப்போம்

பரளச்சியின் கரிசல் காட்டில் நின்று பார்ப்பவர்க்குக் கடல் தெரியாது; மானாவாரிப் பருத்தியும் சோளமும் மிளகாயுமே தெரியும். ஆயினும் இக்கரிசல் வட்டாரத்துப் பருத்தி தூத்துக்குடி வழியாகவே கடல் கடந்தது. அன்று அத்துறையில் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பொதிகளைச் சுமந்து சென்று அவற்றில் ஏற்றியவை தோணிகளே. அத்தோணிகள் பாய் விரித்து இலங்கைக்கும் சென்று வந்தன.

மரக்காயர் என்னும் பெயருக்கு மரக்கலத்தை வைத்தே நாம் பொருள் கூறி வருகிறோம். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் கொடையைப் புலவர்கள் பாடினர். அக்கொடைக்குப் பொருள் ஈட்டித் தந்த கலத்தின் நீளம் என்ன? பாய்கள் எத்தனை? சரக்கறை எவ்வளவு ஆழம்? கொடையைப் போற்றிய அளவுக்கு நாம் கலத்தைப் போற்றவில்லை. கலம் கட்டிய தச்சர்க்குக் கணக்கெல்லாம் மனத்திலும் கையிலுமே இருந்தது. கை ஓய்ந்தால் கணக்கும் மறையும்.

பிறர் அவ்வாறு இருக்கவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி (1806–1893) சோழமண்டலக் கரையின் கலங்களையும் வரைந்து, 1840களில் நூலாக்கினார். 1871 முதல் பாரிஸ் நகரின் கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்து, பல நாட்டுக் கலங்களின் மாதிரி உருவங்களைச் சேர்த்தார்.

முழு அளவிலேயே மாதிரி கட்டியோரும் உண்டு. பழைய அரபு வணிகக் கலத்தைப் போன்ற 'சோஹார்' என்னும் கப்பல் ஓமானின் சூர் நகரில் உருவாயிற்று. மரம் மலபாரிலிருந்து வந்தது. இரும்பு ஆணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்தவர்களுள் இலட்சத்தீவு முஸ்லிம்களும் இருந்தனர். 1980 நவம்பரில் மஸ்கத்தை விட்ட அக்கலம், 1981 ஜூலையில் சீனத்தின் காண்டனை அடைந்தது. தீவினரின் கைகளில் அத்தொழில் உயிரோடு இருந்தமையாலன்றோ அது கைகூடிற்று!

தூத்துக்குடியில் மரத்தோணிகள் இன்னும் உள்ளன; பாய்க்கு மாறாக எந்திரம் பூட்டியிருக்கின்றன. பழைய தச்சர் இருக்கும்போதே அவர்களோடு அமர்ந்து அளவெடுத்தல் நம் கடன். இருபதில் ஒரு பங்காகச் செய்தால் எண்பது அடித் தோணி நான்கடியில் அடங்கும். அம்மாதிரியொன்றைக் கடற்கரையில் மட்டுமன்றிப் பரளச்சிப் பள்ளியிலும் வைப்போம். தம் பாட்டனார் விளைவித்த பருத்தி எதில் ஏறிச் சென்றது என்பதைக் கரிசல் காட்டுப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும்.