நரையும் திரையும்: யாழ்ப்பாணத்து எண்ணெய் மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முதுமையின் வருகையை அறிவிக்கும் அறிகுறிகளாகத் தமிழர் இரண்டினைச் சேர்த்துக் கூறினர். ஒன்று நரை, மற்றையது திரை. முன்னது மயிரின் வெண்மை. பின்னது தோலின் சுருக்கம். கடலலையைக் குறிக்கும் அதே சொல் முகத்தில் விழும் மடிப்பையுங் குறித்து நிற்றல் கருதத்தக்கது. காற்று நீரில் எழுதுவதைக் காலம் முகத்தில் எழுதுகின்றது எனக் கண்டவர் யாரோ, அவர் மொழியறிவோடு உடலறிவும் உடையவராதல் வேண்டும்.

திரை விழும் முகத்தை ஒரு சமுதாயம் எவ்வாறு பேணியது என்னும் வினா வரலாற்று மாணவர் சிலருக்குச் சிறிதாகத் தோன்றலாம். அரசரின் போர்களும் கோயிற் சாசனங்களும் பெறும் கவனத்தை எண்ணெய்க் கிண்ணமும் அதனைத் தொட்ட விரல்களும் பெற்றதில்லை. ஆயினும் மூப்பையும் உடலையும் ஒரு மக்கட் கூட்டம் எங்ஙனம் விளங்கிக்கொண்டது என்பதை அறிய இதனிலும் நேரான வழி அரிது. அவ்வழியிற் சிறிது தூரம் செல்ல முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூப்பினைப் பற்றிய தமிழரின் பழைய சிந்தனை புறநானூற்றிலே காணப்படுகின்றது. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது எனச் சான்றோர் வினவியபோது, பிசிராந்தையார் எந்த எண்ணெயின் பெயரையுங் கூறினாரல்லர். எந்த மூலிகையையுஞ் சுட்டினாரல்லர். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து ஒழுகும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் வேந்தன், அடக்கமுடைய சான்றோர் வாழும் ஊர் என்பனவற்றையே அவர் அடுக்கினார். உடலின் நிலை வீட்டையும் அரசையும் ஊரையும் பொறுத்தது என்பது இதன் பொருள். மனிதனை முழுமையாக நோக்கும் மருத்துவம் என்று இன்று பேசப்படும் கருத்தின் சாரம் இவ்விடையில் அடங்கியுள்ளது.

இதற்கு மறுபுறமாகப் புறப்பூச்சின் கலையும் நம்மிடம் வளர்ந்திருந்தது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீர், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியதாகக் கூறப்படுகின்றது. இத்துணை நுட்பமான எண்ணிக்கை கவிஞரின் வெறுங் கற்பனையாக இருத்தல் அரிது; நீராட்டினை ஒரு தொழில்நுட்பமாகவே கொண்ட நகர வாழ்வொன்றின் சுவடு அதிலே தெரிகின்றது.

அகவாழ்வும் புறப்பூச்சும் ஆகிய இவ்விரண்டினையும் இணைத்தது மருத்துவம். சித்த மருத்துவம் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என வகுக்கும். புறமருந்துகளுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். எண்ணெய் இட்டுஞ் செய்யலாம், இடாதுஞ் செய்யலாம். வெறுந் தேய்ப்பு என்று நாம் எண்ணும் ஒன்றினுள் கையின் ஒன்பது தொழில்களைப் பிரித்துக் கண்ட நுண்மை பாராட்டுக்குரியது.

முகத்துக்கெனத் தனியே எழுந்த விதிகளை வடமொழி மருத்துவ நூலாகிய அட்டாங்க இருதயத்திற் காணலாம். வாக்படர் அந்நூலில் முகப்பூச்சினை நோய்க்குற்றம் தணிப்பது, நஞ்சு நீக்குவது, நிறந் தருவது என மூன்றாக வகுத்தார். பூச்சின் கனத்தை விரலளவின் பின்னங்களாகக் குறித்தார். ஆறு பருவங்களுக்கும் வெவ்வேறு சரக்குகளை விதித்தார். பூச்சு உலர்ந்தபின் உரித்தெடுத்தலாகாது. ஈரமாக்கியே நீக்குதல் வேண்டும். நீக்கியபின் முகத்துக்கு எண்ணெய் தடவுதல் வேண்டும் என்பன அவர் கூறிய ஒழுங்குகள். இவற்றினும் முக்கியமானது வேறொன்று. பூச்சு முகத்திலிருக்கும் வேளையிற் பகலுறக்கம், மிகுபேச்சு, நெருப்பு, வெயில், துயரம், சினம் ஆகியன தவிர்க்கப்படல் வேண்டும் என்றார் அவர். முகத்தைப் பேணுபவர் மனத்தையும் பேணக் கடவர் என்பதே இங்குக் கிடைக்கும் செய்தி.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்து மருத்துவ ஆக்கங்களாகப் போற்றப்படுவன செகராசசேகரமும் பரராசசேகரமும் ஆகும். ஏட்டுச் சுவடிகளாகப் பரம்பரை வைத்தியர் இல்லங்களிற் கிடந்த பரராசசேகரத்தை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். அப்பணி நிகழாதிருப்பின் ஈழத்து மருத்துவ மரபின் பெரும்பகுதி செல்லுக்கு இரையாகியிருக்கும்.

ஆயின், ஏட்டில் ஏறியது மரபின் ஒரு பாதியே. மறுபாதி வீட்டு முற்றத்திலும் கிணற்றடியிலும் வாழ்ந்தது. பிறந்த குழந்தைக்கு நல்லெண்ணெய் தடவி, தலையை உருட்டி, மூக்கைப் பிடித்துவிட்ட பேர்த்தியின் கையிலிருந்து அது தொடங்கியது. ஆடவர்க்குப் புதனும் சனியும், பெண்டிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என வகுக்கப்பட்ட எண்ணெய் முழுக்கில் அது தொடர்ந்தது. எண்ணெய் போக்க அரப்பும் சீயாக்காயும், முகத்துக்குப் பயற்றம்மாவும் மஞ்சளும் சந்தனமும் பயன்பட்டன. சித்திரைப் புத்தாண்டில் தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியன சேர்த்துக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்தே முழுகினர். பெரியவர் ஒருவர் தம் கையாற் சிறியவர் தலையில் அதனை வைத்தல் வழக்கு. இவ்வழக்கம் இன்றும் மறையவில்லை.

இம்மரபினைப் புகழும்போது அதன் நிழலை மறைத்தல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. எண்ணெய் தேய்த்த கைகள் யாருடையவை? பிள்ளைப்பேறு பார்த்துத் தாயையுஞ் சேயையும் நீராட்டிய மருத்துவிச்சியும், முகம் மழித்து உடம்பு பிடித்துவிட்ட நாவிதரும் குடிமைத் தொழிலாளராகவே கருதப்பட்டனர். தமிழகத்தில் நாவிதர் குலத்துக்கு 'மருத்துவர்' என்னும் பெயர் வழங்குவதும், தென் மாவட்டங்களில் 'பரியாரி' என்பது நாவிதரைக் குறிப்பதும், அதே சொல் யாழ்ப்பாணத்தில் மதிப்புக்குரிய நாட்டு வைத்தியரைக் குறிப்பதும் சிந்தனைக்குரியன. உடலைத் தொட்டறிந்தவரின் அறிவு சொல்லில் எஞ்சியது. சமுதாய மதிப்பில் எஞ்சவில்லை. ஏடெழுதியோர் பெயர் நிலைக்க, கைவல்லோர் பெயர் மறைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மற்றொரு பிரிவினையைக் கொணர்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு 1873 வரை பணியாற்றினார். தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். உடற்கூறும் உடற்றொழிலும் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். தமிழில் அறிவியல் எழுத இயலும் என்று காட்டிய அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் நெதர்லாந்து மருத்துவர் யொஹான் மெஸ்கர் உடற்பிடித்தலின் அசைவுகளை வகைப்படுத்தி அதற்கு மருத்துவத் தகுதி தேடினார். நம் நாட்டிலோ தொக்கணம் மருத்துவமனைக்குள் நுழையவில்லை. முகப்பேணல் சவர்க்காரத்தினதும் முகப்பூச்சினதும் வணிகத்தைச் சேர்ந்தது. நோய் வைத்தியருக்கும் அழகு கடைக்கும் உரியவை என்றாயிற்று. இரண்டையும் பிணைத்திருந்த நூல் இங்ஙனம் அறுந்தது.

இனி, இன்றைய அறிவியலின் முன் இம்மரபு எங்ஙனம் நிற்கும் என நோக்குதல் வேண்டும். எண்ணெய் தோலின் ஈரம் விரைந்து வெளியேறுவதைக் குறைக்கும், தேய்ப்பினாற் குருதியோட்டம் சிறிது நேரம் மிகும், தசை தளரும், மனம் ஆறும். ஆழ்ந்து விழுந்துவிட்ட திரையை நிலையாக அகற்றும் ஆற்றல் தேய்ப்புக்கு உண்டென்பது நிறுவப்படவில்லை. 2018இல் அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தார் முகப் பயிற்சி பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். இருபது வாரப் பயிற்சியை முடித்த பதினாறு பெண்களின் தோற்ற வயது, மதிப்பிட்டோர் கணிப்பில், 50.8இலிருந்து 48.1 ஆகக் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிபே எனினும், ஒப்பீட்டுக் குழுவில்லாத அச்சிறிய ஆய்வின்மீது பெரிய கட்டடம் எழுப்புதல் ஒவ்வாது. நரை திரையை அடியோடு நீக்கும் எனக் காயகற்பம் பற்றிக் கூறப்படுவனவும் அவ்வாறே சோதனைக்கு உட்படற்பாலன.

திரையை விரைவுபடுத்துவன எவை என்பது மிகத் தெளிவாக அறியப்பட்டுள்ளது. முதலாவது வெயில். கழியூதாக் கதிர்கள் தோலின் உறுதிக்குக் காரணமான கொலாஜன் நார்களைச் சிதைக்கும். இருபத்தெட்டு ஆண்டுகள் பாரவூர்தி ஓட்டிய அறுபத்தொன்பது வயதினர் ஒருவரின் முகத்தில், யன்னற்பக்க வெயில் பட்ட பாதி மட்டும் ஆழ்ந்து சுருங்கியிருந்தமை 2012இல் மருத்துவ ஏடொன்றில் படத்துடன் வெளியாயிற்று. இரண்டாவது புகையிலை. புகைப்போரின் முகத்துக்கே உரிய சுருக்கங்களை ஆங்கில மருத்துவர் ஒருவர் 1985இல் விவரித்தார். வெயிலைத் தவிர்க்குமாறு வாக்படர் கூறியது இங்கு நினைவுக்கு வருகின்றது. திருநெல்வேலி, கோண்டாவில், கோப்பாய்ச் செம்மண்ணில் நண்பகலிலும் தோட்டஞ் செய்து, புகையிலையைப் பணப்பயிராக வளர்த்து, மாலையிற் சுருட்டுப் பற்றிய நம் முன்னோர், வெள்ளிதோறும் சனிதோறும் எண்ணெய் வைத்தும் முகந் திரைந்தமைக்குக் காரணம் தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

வணிகம் வழங்கும் மாற்று இதனினும் கவலைக்குரியது. நிறத்தை வெளுப்பிப்பதாக விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் இரசம் கலந்துள்ளமை உலகின் பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இதனைக் கட்டுப்படுத்த முற்பட்டது. இரசம் சிறுநீரகத்தைத் தாக்கும் நஞ்சாகும். பயற்றம்மா திரையை நீக்காதுவிடினும் சிறுநீரகத்தைக் கெடுத்ததில்லை.

பரமேஸ்வராக் கல்லூரி எழுந்த திருநெல்வேலி மண்ணில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றி, 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1984இல் அதனோடு சித்த மருத்துவக் கல்வியும் இணைந்தது. அக்கல்வி நடைபெறும் கைதடியிலேயே அரச முதியோர் இல்லமும் உள்ளது. போராலும் 1995இன் பெரும் இடப்பெயர்வாலும் புலப்பெயர்வாலும் பிள்ளைகளைப் பிரிந்த முதியோர் இன்று யாழ்ப்பாணத்துப் பல வீடுகளில் தனித்து வாழ்கின்றனர். அவர்களுக்கு எண்ணெய் உண்டு. வெளிநாட்டுப் பூச்சுகளும் வந்து சேர்கின்றன. முகத்தைத் தொடுங் கைதான் இல்லை.

ஆதலின் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பொன்னையாபிள்ளை ஏடு தேடியது போல நாம் கை தேடுதல் வேண்டும். மூத்த பெண்களும் மருத்துவிச்சிகளும் அறிந்த முறைகளை அவர்தம் பெயரோடு பதிவுசெய்தல் வேண்டும். பதிந்தவற்றைச் சோதித்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதல் வேண்டும். அப்பதிவுக்காக ஒரு முதியவளின் அருகே நாம் அமரும்போது, அவளது திரை நீங்குமோ, அறியோம். சான்றோர் வாழும் ஊரிலே தான் இருப்பதாக அவள் உணர்வாளாயின், பிசிராந்தையார் கூறிய மருந்தில் ஒரு பங்கினை நாம் கொடுத்தவராவோம்.