சிறையே மேல் என்றாள்!

மாலையும் மேளமும், மந்திரமும் புகையும், ஊரார் வாழ்த்தும் உற்றார் விருந்தும்! அத்தனைக்கும் நடுவே உறக்கம் தாளாமல் தலை சாய்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுமி! அவள்தான் மணமகள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் நம் நாட்டின் மேற்குல மணப்பந்தல்கள் பல இப்படித்தான் இருந்தன. பூப்பெய்துமுன் பெண்ணைக் கொடுத்திட வேண்டும். தவறின் தந்தைக்குப் பாவம் என்றது தருமசாத்திரம். மணம் முடிந்தும் அவள் தாய்வீட்டிலேயே இருப்பாள். பருவமடைந்தபின் கருப்பாதானம் என்றொரு சடங்கு. அதன் பிறகே கணவன் வீடு. இந்த இடைக்காலத்தில் பெண்ணின் உடல் வளர்வதை எண்ணினரேயன்றி, உள்ளமும் வளரும் என்பதை எண்ணினாரில்லை.

பம்பாயில் ஒருத்திக்கு வளர்ந்தது.

1864-இல் பிறந்த ருக்மாபாய்க்குப் பதினோராம் வயதில் மணம். மணமகன் தாதாஜி பிக்காஜி, வயது பத்தொன்பது. தந்தையை இழந்த அவளை வளர்த்தவர், அவள் தாயை மறுமணம் புரிந்த மருத்துவர் சக்காராம் அர்ஜுன். தச்சர் குலத்தில் விதவை மறுமணத்துக்குத் தடையில்லை. 'தாழ்ந்தவர்' எனப்பட்டோரிடம் இருந்த தாராளம் அது! ருக்மாபாய் படித்தாள்; சிந்தித்தாள்; படிப்பில் நாட்டமற்ற அந்தக் கணவனிடம் செல்ல மறுத்தாள். 1884-இல் அவன் உயர்நீதிமன்றம் ஏறினான்.

1885-இல் நீதிபதி பின்ஹே அவன் கோரிக்கையைத் தள்ளினார். இருவரும் சேர்ந்து வாழ்ந்ததே இல்லையே, எதை மீட்டுத் தருவது? அறியாப் பருவத்தில் கட்டப்பட்டவளை, விரும்பாதபோது, ஒருவனிடம் பிடித்துத் தருவது கொடுமையன்றோ? இதுவே அவர் தீர்ப்பின் சாரம்.

எழுந்தது கூக்குரல்! "இந்து மதத்துக்கு ஆபத்து" என்றனர் சனாதனிகள். திலகரின் 'கேசரி' அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் தோழர்களே, வேடிக்கையைக் கேளுங்கள். மனைவியை வழக்காடி வரவழைக்கும் அந்த உரிமை பிறந்த இடம் மனுவின் ஏடன்று. இங்கிலாந்துத் திருச்சபையின் நீதிமன்றம்! அவ்வழக்கில் பணிய மறுப்போர்க்கான சிறைத் தண்டனையை ஆங்கிலேயர் தம் நாட்டில் 1884-இலேயே ஒழித்துவிட்டனர். அவர்கள் குப்பையில் எறிந்ததை இவர்கள் கோபுரத்தில் ஏற்றினர்.

மேல்முறையீட்டால் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. 1887 மார்ச்சில் நீதிபதி பாரன், ஒரு திங்களுக்குள் கணவனிடம் செல்க, இன்றேல் ஆறு திங்கள் சிறை என்றார். சிறையே மேல் என்றாள் ருக்மாபாய். அஞ்சி ஒடுங்கியவள் அல்லள். 1885-இலேயே 'ஓர் இந்துப் பெண்' என்ற புனைபெயரில் 'டைம்ஸ் ஆப் இந்தியா'வில் குழந்தை மணத்தைக் கண்டித்து எழுதியவள். பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நாம், அரசர்தம் போர்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் தரும் பாடநூல்களில் இந்தப் போருக்கு ஒரு வரியேனும் உண்டா எனத் தேடிக் களைத்ததுண்டு.

1888-இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினான். வேறு மணமும் செய்துகொண்டான். இந்த வழக்கு மூட்டிய வாதத்தோடு, கல்கத்தாவில் புல்மணி என்ற சிறுமி கணவனின் வன்செயலால் மாண்ட வழக்கும் சேர, 1891-இல் சட்டம் வந்தது. உடலுறவுக்கு இசைவு தரும் வயது பத்திலிருந்து பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டு! அதையும் எதிர்த்தார் திலகர்.

ருக்மாபாய் 1889-இல் இலண்டன் சென்று மருத்துவம் பயின்றார். 1895 முதல் சூரத்திலும், பின்னர் இராஜ்கோட்டிலும் பெண்களுக்கு மருத்துவம் செய்தார். மீண்டும் மணக்கவில்லை. 1955 செப்டம்பரில் மறைந்தார். அதே ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்துத் திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில், தாதாஜி கேட்ட அந்த உரிமை, கணவன் மனைவி இருவருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தது.