யாருக்குக் கொழுப்பு? – நெய், டால்டா, பாமாயில்: சில குறிப்புகள்

1

தமிழில் ‘கொழுப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று, உணவிலும் உடம்பிலும் இருக்கிற பொருளைக் குறிப்பது. இன்னொன்று, திமிரைக் குறிப்பது. ‘அவனுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு’, ‘கொழுப்பெடுத்துப் பேசுறா’ என்கிறபோது யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். பண்ணையார் கூலிக்காரனைப் பார்த்துச் சொல்வார். மாமியார் மருமகளைச் சொல்வாள். வாத்தியார் பையனைச் சொல்வார். கூலிக்காரன் பண்ணையாரின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லிவிட முடியாது. சொன்னால் அதுவே கொழுப்பு! தனக்குரிய அளவை மீறித் தின்றவன் தனக்குரிய அளவை மீறிப் பேசுகிறான் என்பதுதான் இந்த வசையின் தர்க்கம். ஆக, உனக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது.

இந்த அளவைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். காரணம், ‘இயற்கை உணவு’, ‘மரபு உணவு’ என்ற பெயரில் கொழுப்பு பற்றி இன்று நடக்கிற பேச்சு. செக்கில் ஆட்டின நல்லெண்ணெயும் நாட்டுப்பசு நெய்யும் சாப்பிட்டு நம் முன்னோர்கள் நோய்நொடி இல்லாமல் வாழ்ந்தார்கள். டால்டாவும் ரீஃபைண்ட் ஆயிலும் வந்து எல்லாம் கெட்டது – இதுதான் அந்தக் கதையாடல். முற்போக்கு நண்பர்கள் சிலரும் ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற கணக்கில் இதில் சேர்ந்துகொள்கிறார்கள். கதையின் பின்பாதியில் கணிசமான உண்மை இருக்கிறது. முன்பாதிதான் இடிக்கிறது. எந்த முன்னோர்கள்? எவ்வளவு நெய்?

2

சங்கப் பாடல்களில் கொழுப்புக்கு நிணம், விழுக்கு என்ற சொற்கள் கூச்சமில்லாமல் வருகின்றன. புரவலன் வீட்டில் கொழுத்த இறைச்சி தின்றதைப் பொருநராற்றுப்படைப் பொருநன் பெருமையாகச் சொல்கிறான். ‘நெய்’ என்பதும் அன்று பசுவுக்கு மட்டும் சொந்தமான சொல் அல்ல. எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு நடந்ததைச் சொற்களின் வழியாகவே படிக்கலாம். நெய் பசுவின் பக்கம் போய் உயர்ந்தது. வேள்விக்கும் விருந்துக்கும் உரியதாயிற்று. நிணம் புலாலின் பக்கம் போய்த் தாழ்ந்தது, தீட்டாயிற்று. எண்ணெய் நடுவில் நின்றது. அதை ஆட்டிக் கொடுத்த வாணியர் எதிரே வந்தால் சகுனம் ஆகாது என்று சொல்லிக்கொண்டே அந்த எண்ணெயில் விளக்கேற்றினார்கள்.

நெய் சாதியின் அடையாளம் என்பது என் வியாக்கியானம் அல்ல. ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்கிறார். 1936 ஏப்ரலில், ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில், யாத்திரை போய்த் திரும்பிய ஒரு தீண்டத்தகாதவர் தன் சாதியாருக்கு விருந்து வைத்தார். சமையலில் நெய் சேர்த்தார். விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கான இந்துக்கள் தடிகளோடு வந்து சோற்றை நாசம் செய்து விருந்தாளிகளை அடித்தார்கள். நெய்யைத் திருடினார்கள் என்றா குற்றச்சாட்டு? இல்லை. சொந்தக் காசில் வாங்கிய நெய். அதைத் தின்றதுதான் குற்றம். ‘கொழுப்பு’ என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களும் அன்று ஒரே இலையில் சந்தித்தன.

3

அதே 1936இல் லண்டனில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் ஊட்டச்சத்தும் உடல்நலமும் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவருடைய சான்றுகள் நம்ம நீலகிரியிலிருந்து போனவை. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையாக அவர் தொடங்கியதுதான் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் அது ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

மெக்காரிசனின் புகழ்பெற்ற சோதனை எலிகளை வைத்து நடந்தது. எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் ‘இனத்தின்’ உணவு: சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராசி. சப்பாத்தியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் பச்சைக் காய்கறியும் கொஞ்சம் இறைச்சியும் தின்ற சீக்கிய எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. அரிசியை நம்பிய மதராசி எலி கடைசியில் நின்றது. இன்னொரு சோதனையில் இங்கிலாந்து ஏழைகளின் உணவைக் கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர், டப்பா இறைச்சி. அந்த எலிகள் 60ஆம் நாள் வாக்கில் நலிந்த எலிகளைக் கொன்று தின்னத் தொடங்கின.

இந்தச் சோதனை கண்டுபிடித்ததைவிட, அது கேட்காமல் விட்ட கேள்வி எனக்கு முக்கியம். ‘போர்க்குடி இனங்கள்’ என்ற காலனியக் கோட்பாடு எலிக்கூண்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. மதராசி என்பது யார்? இலையில் நெய் ஊற்றி மோரில் முடிக்கிற அக்ரகாரத்து மதராசியா? கேழ்வரகுக் கூழும் பச்சைமிளகாயுமாக வயலுக்குப் போன சேரி மதராசியா? இனத்தை எழுதிய பெயர்ப்பலகையில் சாதிக்கும் கூலிக்கும் இடமில்லை. மதராசியின் நோஞ்சான் உடம்புக்குக் காரணம் மதராசித்தனம் என்றாகிவிட்டது.

ஆனால் அதே ஆய்வுக்கூடம் வேறு ஒன்றையும் செய்தது. மெக்காரிசனுக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடைய இந்திய உதவியாளர்களும் பள்ளிப் பிள்ளைகளின் தோலைப் பார்த்தார்கள். முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் முள்முள்ளாகச் சொரசொரப்பு. கொழும்பில் இருந்த லூசியஸ் நிக்கோல்ஸ் 1933இல் இதற்கு ஒரு கிரேக்கப் பெயர் வைத்திருந்தார். தமிழில் சொன்னால் தேரைத்தோல். முதலில் இதை வைட்டமின் ஏ குறைவு என்றார்கள்; மீனெண்ணெய் கொடுத்தார்கள். பிறகு, உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத, உணவிலிருந்தே வந்தாக வேண்டிய சில கொழுப்பு அமிலங்களும் பி வைட்டமின்களும் இல்லாததுதான் என்று விவாதம் திரும்பியது. எப்படியானாலும் விஷயம் ஒன்றுதான். ஏழைப் பிள்ளையின் தட்டில் எண்ணெய் இல்லை என்பது அதன் தோலில் எழுதியிருந்தது. கண்ணிலும் எழுதியிருந்தது. கீரையில் இருக்கிற சத்து வைட்டமின் ஏ ஆக உடம்பில் சேர, கூடவே கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். வெறும் தண்ணீரில் வேகவைத்த கீரையால் முழுப் பயன் கிடைக்காது. மாலைக்கண்ணும் விழிவெண்படலச் சிதைவும் அந்தப் பிள்ளைகளைத்தான் தேடி வந்தன. அரசாங்கம் 1970இல் தேசிய அளவில் சிறு பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ மருந்தைக் கரண்டியில் ஊற்றத் தொடங்கியது. தட்டில் விழாதது கரண்டியில் வந்தது!

உடம்பை அளப்பதும் அட்டவணை போடுவதும் அதிகாரத்தின் நுட்பம் என்று ஃபூக்கோவைப் படித்தவர்கள் சொல்வார்கள். மறுக்கவில்லை. ஆனால் அளக்கப்படாத பட்டினி, பட்டினியாகவே கணக்கில் வராமல் போய்விடும். குன்னூர் அட்டவணைகளை நான் இரண்டு விதமாகவும் வாசிக்கிறேன்.

4

குன்னூரில் எலி மெலிந்துகொண்டிருந்தபோது மாகாணத்தில் எண்ணெய் வித்துக்குப் பஞ்சமா? தென்னாற்காட்டுச் செம்மண்ணில் நிலக்கடலை – அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, மணிலாக்கொட்டை – 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலேயே பணப்பயிராகிவிட்டது. புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய்க்குப் போனது. அங்கே எண்ணெயும் சோப்பும் ஆனது. களை எடுத்தவளும் கடலை உரித்தவளும் இங்கே, கொழுப்பு அங்கே. இதைச் சொல்லாமல் ‘மதராசி உணவில் கொழுப்பு குறைவு’ என்று எழுதுவது பாதி வாக்கியம்தான்.

போன கொழுப்பு வேறு உருவத்தில் திரும்பி வந்தது. தாவர எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். 1930களில் லீவர் நிறுவனம் இந்தியாவில் டால்டாவை இறக்கியது. பார்க்க நெய் மாதிரி, மணலாகக்கூட இருக்கும். விலை குறைவு. நெய்யைப் பார்த்தே பழகியவர்களுக்கு முதல்முறையாக நெய் மாதிரி ஒன்று எட்டியது. டால்டாவின் வெற்றியில் இந்த ஆசைக்குப் பெரும்பங்கு உண்டு. இதை வெறும் விளம்பர மோசடி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சக்வாராவில் அடி வாங்கினவர்களை நினைத்துக்கொண்டால், கல்யாணத்தில் டால்டா ஊற்றிக் கேசரி கிண்டினவர்களின் சந்தோஷம் புரியும்.

டால்டாவுக்கு எதிர்ப்பு எந்தப் பக்கமிருந்து வந்தது? காந்தி 1946இல் ‘ஹரிஜன்’ இதழில் எதிர்த்து எழுதினார். பசுவைப் பேணுகிறவர்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய பெருங்கவலை நெய்யில் கலப்படம். அதற்கு அரசாங்கம் கண்ட வழி வேடிக்கையானது. வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றது. நல்லெண்ணெய் இருந்தால் சோதனைக்குழாயில் அமிலம் ஊற்றும்போது சிவப்பு நிறம் காட்டிக்கொடுத்துவிடும். நெய்யின் புனிதத்தைக் காக்க நல்லெண்ணெயைப் போலீஸாக்கினார்கள். 1983இல் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்பு கலந்ததாக நாடே அமளிப்பட்டது. இந்த அமளியிலும் கேள்வி தீட்டு பற்றியதுதான். உடம்புக்கு என்ன ஆகும் என்பதல்ல.

உடம்புக்கு ஆனது வேறு. பாதி கெட்டியாக்கின எண்ணெயில் உண்டாகிற டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தியாவில் இதற்கு 2 சதவீத உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். பசுவுக்காகச் சட்டம் சீக்கிரம் வந்தது. பரோட்டாவும் பேக்கரி பிஸ்கட்டும் தின்றவனின் இதயத்துக்காக 30 வருஷம் ஆயிற்று.

5

நடுவில் இன்னொரு அலை. 1961இல் அமெரிக்க இதயச் சங்கம் விலங்குக் கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெய்க்கு மாறச் சொன்னது. அதைச் சோதிக்க 1968 முதல் 1973 வரை மினசோட்டாவில் 9,000க்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு மாற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் மனநோய் மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் இருந்தவர்கள். குன்னூரில் கூண்டு, இங்கே விடுதி. சோள எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கொலஸ்டிரால் இறங்கியது. ஆனால் சாவு குறையவில்லை. விடுபட்ட தரவுகளையும் மீட்டெடுத்துச் செய்த மறு ஆய்வு 2016இல்தான் வெளிவந்தது. இதை வைத்து நெய்க்குக் கொடி பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சோதனை மொத்த வழக்கையும் முடித்துவிடாது. இங்கே அதே அறிவுரை சமையல் எண்ணெய் விளம்பரமாக வந்து, நடுத்தர வர்க்கத்துக் கணவனின் இதயத்தை மனைவியின் பொறுப்பாக்கிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏழைக்கு வந்தது பாமாயில். இதன் கதையில் தமிழன் இரண்டு முனையிலும் நிற்கிறான். மலேயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் போடப்பட்டது. அதன் பெயர் தென்னமரம்! தோட்டக்காரர் பிரெஞ்சுக்காரர். பெயர் கூலிகளின் மொழி. ரப்பர் விழுந்து செம்பனை எழுந்தபோதும் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி தெளித்த பெண்களில் பலர் தமிழ்ப் பெண்கள். அந்த மரத்தின் எண்ணெய் 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் மாதம் ஒரு லிட்டராகக் கிடைக்கிறது. ஆலைக்கு வரும்போது அது கரோட்டினால் சிவந்த எண்ணெய். சுத்திகரிப்பில் சிவப்பு போகிறது. கூடவே கரோட்டினும் போகிறது. பிறகு வைட்டமின் ஏ தனியாகச் சேர்க்கப்படுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. கடும் உடலுழைப்பு செய்கிற ஆணுக்கு நாளுக்கு 40 கிராம் சமையல் கொழுப்பு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2010 பரிந்துரை சொல்கிறது. மாதத்துக்கு 1,200 கிராம். ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 900 கிராம். அது முழுக் குடும்பத்துக்கும். உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு 25 கிராம்தான் பரிந்துரை. கல் உடைக்கிறவனுக்கு அதிகம் வேண்டும் என்று அறிவியல் சொல்கிறது. அதிகம் வாங்க முடிகிறவன் நாற்காலியில் இருக்கிறான்.

6

இப்போது செக்கு. மரச்செக்கு எண்ணெய் நல்ல எண்ணெய்தான். மணமும் சில சத்துகளும் அதில் கூடுதலாகத் தங்குகின்றன. ஆனால் எள்ளின் கொழுப்பு அமிலங்கள் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் அதேதான். செக்கை ஓர் இயற்கைத் தெய்வமாக்குகிறவர்கள் வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்ததும் செக்குத்தான் என்பதை நினைவில் வைக்கலாம். மாட்டுக்குப் பதிலாக மனிதனைப் பூட்டித் தண்டனை கொடுக்க வெள்ளையன் தேர்ந்தெடுத்த கருவி அது. அந்த எண்ணெயும் ‘இயற்கை’ எண்ணெய்தான். இன்று ரேஷன் பாமாயிலைவிடப் பல மடங்கு விலைக்குச் செக்கெண்ணெய் வாங்குகிறவர் ஆரோக்கியத்தோடு ஒரு பரம்பரையையும் சேர்த்து வாங்குகிறார். அந்தப் பரம்பரையில் கூழ் குடித்தவர்கள் இல்லை. மாட்டிறைச்சியின் நிணத்திலிருந்து தன் உடம்புக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட சேரியும் இல்லை. அந்தக் கொழுப்பு மரபு உணவுப் பட்டியல்களில் ஏன் வருவதில்லை? அது மரபில்லையா, உணவில்லையா?

எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்வியைவிட, யார் தட்டில் எவ்வளவு என்ற கேள்விதான் இந்த வரலாறு முழுக்க அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அரைகுறையாகவாவது பதில் சொன்னது எது என்று பார்த்தால், எனக்குக் கண்ணில் படுவது சத்துணவு முட்டை. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 2010இல் வாரத்துக்கு ஐந்து. மஞ்சள் கருவில் கொழுப்பும் இருக்கிறது, வைட்டமின் ஏவும் இருக்கிறது. ஓடு உரிக்கும்போது அதில் சாதி தெரிவதில்லை. சில மாநிலங்களில் முட்டையைப் பள்ளிக்கூடத்துக்குள் விடமாட்டோம் என்று மடாதிபதிகள் நிற்பதும் இதனால்தான். சத்துணவில் முட்டையைக் காப்பாற்றுவது, ரேஷனில் உள்நாட்டுக் கடலெண்ணெயையும் நல்லெண்ணெயையும் கேட்பது, அளவை உழைப்புக்கேற்பக் கூட்டச் சொல்வது – இவை இயற்கை உணவு இயக்கத்தின் கோரிக்கைகளாக ஏன் இருக்கக் கூடாது? நண்பர்கள் விவாதிக்கட்டும். ‘இவனுக்கு என்ன கொழுப்பு’ என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டுமே.