தஸ்தக்கும் தராசும்

செட்டிநாட்டு ஊர்களை அடுத்துள்ள காளையார்கோவிலில் 1772ஆம் ஆண்டு சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி கேட்ட கப்பத்தைச் செலுத்தவில்லை என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். நவாபுக்குத் துணையாக வந்து போரிட்டது கிழக்கிந்தியக் கும்பினியின் படை. கணவரை இழந்த வேலுநாச்சியார், ஹைதர் அலியின் உதவி பெற்று 1780இல் சிவகங்கையை மீட்ட வரலாறு நம் மக்கள் நன்கறிந்ததே. ஆயின், இங்கே வரிக்காக வாளேந்தி வந்த அக்கும்பினி, வங்காளத்தில் தான் கொடுக்க வேண்டிய வரியை எவ்வாறு கொடுத்தது என்பதை அறிந்தோர் சிலரே.

1717இல் முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் கும்பினிக்கு ஒரு ஃபர்மான் வழங்கினார். ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலுத்திவிட்டு வங்காளத்தில் சுங்கமின்றி வணிகம் செய்யலாம் என்பது அதன் சாரம். அதற்கு அடையாளமாகச் சரக்குடன் செல்லும் சீட்டுக்குத் 'தஸ்தக்' என்று பெயர். கும்பினியின் சரக்குக்கு மட்டுமே உரிய அச்சீட்டைக் கும்பினி ஊழியர்கள் தம் சொந்த வணிகத்துக்கும் பயன்படுத்தினர். பிறருக்கு விலைக்கும் விற்றனர். சுங்கச் சாவடியில் வரி செலுத்தி நின்றவர் உள்நாட்டு வணிகரே. நவாபின் கருவூலம் வற்றியது. நாட்டு வணிகர் நலிந்தனர்.

நவாப் மீர்காசிம் முறையிட்டார். ஊழியர்களின் சொந்தச் சரக்குக்கு 9 சதவீதம் வரி என்று கவர்னர் வான்சிட்டார்ட் 1762இல் அவருடன் உடன்பாடு கண்டார். கல்கத்தாக் கவுன்சில் அதனை நிராகரித்தது. மனம் வெதும்பிய மீர்காசிம், 1763இல் உள்நாட்டுச் சுங்கம் முழுவதையும் எல்லோருக்குமே நீக்கிவிட்டார். தமக்கு வருவாய் போயினும் தம் வணிகர்க்குச் சமநீதி கிட்டட்டும் என்பது அவர் கருத்து. அச்சமநீதியைத்தான் கும்பினியால் பொறுக்க முடியவில்லை. போர் மூண்டது. 1764இல் பக்ஸாரில் நவாப் தோற்றார். 1765இல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் திவானி உரிமையே கும்பினியின் கைக்குச் சென்றது. வரி கொடுக்க மறுத்தவன் வரி வாங்குபவனாக அமர்ந்தான்!

இஃது என்றோ முடிந்த கதையன்று. இன்றைய பன்னாட்டுக் கம்பெனி சீட்டு எதையும் நீட்டுவதில்லை. இங்கே ஈட்டிய இலாபத்தை, உரிமத் தொகை என்றும் வட்டி என்றும் பெயரிட்டு, வரி குறைந்த நாட்டிலுள்ள தன் கிளைக்கு அனுப்பிவிடுகிறது. பெரும்பாலும் சட்டத்தை மீறாமலே இது நடைபெறுகிறது. காரைக்குடிக் கடைவீதியில் ஒரு சோப்புக்கட்டி வாங்கும் ஏழைக்கோ சரக்கு சேவை வரியிலிருந்து தப்ப வழியில்லை.

இதற்குப் பரிகாரமாக, பெருங்கம்பெனிகள் எங்கு இலாபம் ஈட்டினும் குறைந்தது 15 சதவீதம் வரி செலுத்த வேண்டும் என்று 2021இல் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இசைந்தன. ஆனால் 2025 ஜூன் மாதத்தில் ஜி-7 நாடுகள், அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிகளுக்கு அவ்வேற்பாட்டின் முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்களிக்க உடன்பட்டன. தஸ்தக் மீண்டும் எழுதப்படுகிறதோ என்று அஞ்சுகிறோம்.

திருமறையில் 'அல்முதஃப்பிஃபீன்' என்றே ஓர் அத்தியாயம் உண்டு. தமக்கு வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறர்க்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்கு எச்சரிக்கையாக அது தொடங்குகிறது. சிவகங்கையில் நிறைத்துக் கேட்டு, வங்காளத்தில் குறைத்துக் கொடுத்த கும்பினிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு ஏது? நாட்டின் சாலையும் துறைமுகமும் நீதிமன்றமும் முழுமையாக வேண்டும், அவற்றுக்குரிய பங்கு மட்டும் குறைய வேண்டும் என்பவரும் அவ்வணியிலேயே நிற்பவர்.

பெரியவரைக் குறை கூறும் நாம், நம் கடைக் கல்லாவையும் ஒருமுறை நோக்க வேண்டும். அதிகாரியிடம் காட்ட ஒரு கணக்கும், தமக்கென ஒரு கணக்கும் வைத்திருப்பவர், வங்காளத்துக் கும்பினி ஊழியரைப் பழிக்கும் தகுதியை இழந்துவிடுகிறார். கும்பினியின் தராசு பெரிது, நம் தராசு சிறிது. முள் ஒன்றுதான். அது நேராக நிற்க அல்லாஹ் அருள் புரிவானாக!