மோட்டார் வண்டியின் மறைபேச்சு

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் செல்லும் சாலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியே செல்வது. விடியற்காலையில் அச்சாலையில் நிற்பவர்கள், ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையை நோக்கி விரைவதைக் காணலாம். போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் மட்டும் கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. ஆள்பாரத்தோடு அவற்றில் ஏறும் வண்டியின் எஞ்சின் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பது, உள்ளே நெருக்கி அமர்ந்திருப்போர் அத்தனை பேரின் அன்றைய கூலியைப் பற்றிய செய்தியும் ஆகும். அச்செய்தியை ஓட்டுநருக்குச் சொல்ல வண்டி எவ்வாறு கற்றுக்கொண்டது, பின்னர் எவ்வாறு அதை மறைக்கக் கற்றுக்கொண்டது, மறைத்ததை வெளிக்கொணரச் சட்டம் ஏன் தலையிட நேர்ந்தது என்பதே மாணவ அன்பர்களே, நாம் இன்று காணப்போகும் வரலாறு.

தொடக்கத்தில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1908ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' காரில் பெட்ரோலின் அளவைக் காட்டும் கருவி கிடையாது. முன்னிருக்கையைத் தூக்கி, அதன் அடியிலிருந்த தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு, அது எவ்வளவு நனைந்தது என்று பார்த்துக்கொள்வார்கள். கிணற்றில் கயிற்றை விட்டு நீர்மட்டம் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. வேகத்தைக் காட்டும் கருவிக்கு ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் 1902இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எஞ்சினின் சூட்டை அறிய 1910களில் 'பாய்ஸ் மோட்டோமீட்டர்' என்னும் வெப்பமானி வந்தது. அதைப் பொருத்திய இடம் சுவையானது: ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் அன்று, வண்டியின் மூக்கு நுனியில், ரேடியேட்டர் மூடியின் மேல்! ஓட்டுநர் கண்ணாடி வழியே அதைப் பார்ப்பார். எதிரே வருபவரும் பார்ப்பார். வண்டியின் காய்ச்சல் அன்று ஊரறிந்த செய்தியாக இருந்தது.

பின்னர் அக்கருவிகள் ஒவ்வொன்றாக ஓட்டுநரின் முன்னால் வந்து குடியேறின. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட ஜீப்பின் பலகையில் ஐந்து வட்டங்களைக் காணலாம். நடுவில் வேகமானி; சுற்றிலும் பெட்ரோல், எண்ணெய் அழுத்தம், நீரின் வெப்பம், மின்னோட்டம் ஆகியவற்றைக் காட்டும் நான்கு சிறு கருவிகள். அந்த ஜீப்பின் வழித்தோன்றல்களை 1949 முதல் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் கூட்டியமைத்தனர். அவ்வகை வண்டியில் முள் அசைந்தால் உள்ளே ஏதோ அசைந்தது என்று பொருள். நாடி பார்க்கும் வைத்தியரைப் போல, பழகிய ஓட்டுநர் முள்ளின் சிறு நடுக்கத்திலிருந்தே நோயைக் கண்டுகொள்வார்.

இவ்வெளிப்படைத் தன்மைக்கு முதல் குறை 1930களில் நேர்ந்தது. அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் முட்களுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்குகளை வைத்தது. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஒரு விளக்கு எரியும், இல்லையேல் எரியாது. அந்நாட்டு வாகனப் பிரியர்கள் இவற்றுக்கு 'மடையர் விளக்கு' என்று பட்டம் சூட்டினார்கள். பட்டத்தில் ஆணவம் இருப்பினும் உண்மையும் இல்லாமலில்லை. சரிவை முள் படிப்படியாகக் காட்டும். விளக்கோ எல்லை கடந்த பிறகே வாய் திறக்கும்.

அடுத்த திருப்பம் பட்டறையில் நிகழவில்லை, வானத்தில் நிகழ்ந்தது. 1940களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல், கண்ணைக் கரிக்கும் பழுப்பு நிறப் புகைமூட்டம் கவியத் தொடங்கியது. அதன் காரணத்தை ஆராய்ந்தவர் ஹாலந்தில் பிறந்த வேதியியல் அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மித். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்தே அம்மூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். கலிபோர்னியாவில் காற்றுவள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1970இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975 முதல் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றிகள் பரவலாகப் பொருத்தப்பட்டன. அம்மாற்றி நச்சு வாயுக்கள் அனைத்தையும் ஒருங்கே அடக்க வேண்டுமானால், எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் கணக்குப் பிசகாமல் எரிய வேண்டும். பழைய கார்புரேட்டரால் அந்த நுட்பத்தைத் தொடர்ந்து காக்க இயலவில்லை. ஆகவே புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரியும், அதன் சொல் கேட்டு எரிபொருளை அளந்து விடும் சிறு கணிப்பொறியும் வண்டிக்குள் புகுந்தன.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். உணரி ஒன்று கெட்டால் வண்டி நின்றுவிடாது. கணிப்பொறி ஓர் உத்தேசக் கணக்கை வைத்துக்கொண்டு ஓட்டத்தைத் தொடரும். ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. புகை மட்டும் கெடும். காதாலும் மூக்காலும் கண்டறிய முடியாத நோய்கள் வண்டிக்கு வந்த காலம் இது. அவற்றைக் கணிப்பொறியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

குறித்து வைத்ததை யாருக்குச் சொல்வது? 1981ஆம் ஆண்டு காடிலாக் காரின் விடை வியப்பளிப்பது. காருக்குள் குளிரையும் வெப்பத்தையும் சீராக்கும் பலகையில் 'நிறுத்து', 'சூடாக்கு' என்ற இரு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் ஒருசேர அழுத்திச் சிறிது நேரம் பிடித்திருந்தால், வெப்பநிலை காட்டும் சிறு திரை தன் வேலையை விட்டுவிட்டு, வண்டியின் பழுதுகளை எண்களாகச் சொல்லத் தொடங்கும். உரிமையாளர் நாள்தோறும் பார்க்கும் திரைதான். ஆனால் வழியறிந்தவருக்கே அது வாய் திறக்கும். திரை வசதி இல்லாத ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் தந்தி முறை கையாளப்பட்டது. பலகையின் அடியிலுள்ள இணைப்பில் குறிப்பிட்ட இரு முனைகளைக் கம்பித் துண்டால் சேர்த்தால், எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், சற்று இடைவெளி, பிறகு இரு சிமிட்டல்: இது பன்னிரண்டு. எஞ்சின் ஓடவில்லை, ஆயினும் சோதனை முறை ஒழுங்காக வேலை செய்கிறது என்பது அதன் பொருள். பின்வரும் எண்களே நோயின் பெயர்கள்.

இவ்வளவு மறைவு எதற்கு? வாங்கியவர் எண்களைக் கண்டு கலங்கக் கூடாது என்பது ஒரு காரணம், அது நியாயமானதே. பழுதென்றால் அவர் தங்கள் பணிமனைக்கே வரவேண்டும் என்னும் வணிக எண்ணமும் உடன் இருந்தது என்பது என் கருத்து. நிறுவனத்துக்கு நிறுவனம் இணைப்பும் எண்ணும் வேறுவேறாயிருந்ததற்கு வேறு விளக்கம் எளிதில் கிட்டவில்லை.

இப்பூட்டைத் திறந்தது சட்டம். கலிபோர்னியாவில் 1988 முதல் வண்டிக்குள்ளேயே நோயறியும் முறை கட்டாயமாயிற்று. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் ஒரே வடிவான பதினாறு முனைச் செருகுவாய், ஓட்டுநரின் கைக்கெட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் அது நடைமுறையாயிற்று. நம் நாட்டில் பாரத் நான்காம் நிலை மாசு விதிகளோடு 2010 ஏப்ரலில் முதற்படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் வந்தன. அவ்விதிகள் முதலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு மட்டுமே உரியவை; 2017 ஏப்ரலில்தான் நாடு முழுமைக்கும் பொதுவாயின. இருசக்கர வாகனங்களுக்கு இம்முறை 2020இல் பாரத் ஆறாம் நிலையோடு வந்து சேர்ந்தது.

சட்டம் வந்த பின்னும் மறைதிரைகள் மறைந்துவிடவில்லை. செங்கற்பட்டுக்கு அருகே மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனத்தின் ஆலை இருந்தது. அங்கே கார் உற்பத்தி 2022இல் நின்றது. அங்கிருந்து 2010இல் வெளிவந்த 'ஃபிகோ' நம் சாலைகளில் இன்றும் ஓடுகிறது. வண்டி நின்ற நிலையில், பயணத் தூரத்தைச் சுழியாக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்பினால், அதன் பலகை சோதனை நிலைக்குச் செல்லும். முட்கள் ஒருமுறை ஓடித் திரும்பும். அதன்பின் பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வேகம், எஞ்சின் வெப்பம், பேட்டரியின் மின்னழுத்தம் போன்றவை எண்களாக வரும்.

இவ்வெண்ணால் என்ன பயன் என்று கேட்கலாம். இன்றைய கார்கள் பலவற்றில் வெப்பமானியின் முள் நேரே உணரியின் சொற்படி அசைவதில்லை. கணிப்பொறி சொன்னபடி அசைகிறது. நீர் எண்பத்தைந்து பாகை சூடாயிருந்தாலும் முள் நடுவில் நிற்கும். நூறானாலும் நடுவிலேயே நிற்கும். அழுத்தமூடியும் குளிர்கலவையும் இருப்பதால் நூறில் அந்நீர் கொதித்துவிடாது என்பது உண்மைதான். ஆயினும் முள் ஏறி இறங்குவதைக் கண்டு வாங்கியவர்கள் வீணாக அஞ்சி முறையிடுகிறார்கள் என்பதற்காக அதை அசையாமல் கட்டிவைப்பது, வகுப்பில் எல்லோருக்கும் ஐம்பது மதிப்பெண் போடும் ஆசிரியரின் செயலை ஒத்தது. போடிமெட்டு வளைவுகளில் வெப்பம் எண்பத்தைந்திலிருந்து நூறுக்கு ஏறும் அந்தச் சில நிமிடங்களில்தான், வண்டியை ஓரமாக நிறுத்தி ஆற விடலாமா என்ற முடிவை எடுக்க வேண்டும். முகப்பில் உள்ள முள் அதற்கு உதவாது. மறைவிலுள்ள எண் உதவும்.

பொதுச் செருகுவாயில் கருவியைச் செருகிப் படிக்கும் எண்களுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. எஞ்சின் தொடர்பான குறிகள் 'பி' என்னும் எழுத்தில் தொடங்கும். அடுத்து வரும் இலக்கம் சுழியானால் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொது. பி0301 என்றால் எந்தக் காரிலும் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றே பொருள். அந்த இலக்கம் ஒன்றானால் அது அந்நிறுவனத்தின் சொந்த மொழி. சட்டம் திறந்த கதவு எதுவரை திறந்திருக்கிறது என்பதை இந்த ஓர் இலக்கத்திலேயே காணலாம்.

மீதிக் கதவுக்காக நம் நாட்டில் வழக்கே நடந்தது. உதிரி உறுப்புகளும் நோயறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைப்பதில்லை என்று 2011இல் ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்டு 25 அன்று பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்ததோடு, அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யுமாறும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. அபராதத்தின் அளவைப் பற்றிய வாதங்கள் நீண்டன.

நம் பள்ளத்தாக்கின் சிறு பட்டறைக்காரர் கையில் இன்று இருக்கக்கூடியது உள்ளங்கையளவுள்ள ஒரு ஸ்கேனர்; அது செருகுவாயில் அமர்ந்து கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். பி0 எண் வந்தால் அவரே பார்த்துக்கொள்வார். பி1 வந்தால், மதுரைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்வதா, தம் காதை நம்பி எஞ்சினைத் திறப்பதா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.