அப்பாவின் மருந்துத் துப்பாக்கி

மசினகுடியில் எங்கள் பழைய வீட்டு உத்தரத்தில் ஒரு நாட்டுத் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருக்கும். லைசென்ஸ் உள்ளதுதான். தேர்தல் வந்தால் அப்பா அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். முடிந்ததும் திருப்பி எடுத்து வருவார்.

இன்றைய பிள்ளைகளுக்குத் தோட்டா போடும் துப்பாக்கிதான் தெரியும். இது வேறு. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். அதன்மேல் ஈய ரவை, மறுபடியும் நார். பின்பக்கம் சின்ன கேப்பைப் பொருத்திக் குதிரையை இழுத்தால் தயார். மருந்து என்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும். அதில் முக்கால் பங்கு வெடியுப்பு. பனியில் நமுத்துவிட்டால் வெடிக்காது. ஒருமுறை சுட்டால் மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி நம்மேல் பாய்ந்துவிடும்.

நீலகிரியில் வேட்டைக்கு 1879-லேயே சட்டம் வந்துவிட்டது. 1932-ல் சிங்காராவில் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1940-ல் முதுமலை சரணாலயம் ஆனது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் எங்களுக்கு வேட்டை பெரிதில்லை. ராகிக் கதிரைக் காப்பதுதான் பெரிது. அப்பா பரணில் இரவெல்லாம் விழித்திருப்பார். பெரும்பாலும் ரவை போடாமல் வெறும் மருந்தை மட்டும் வெடிப்பார். அந்தச் சத்தத்துக்கே யானைகள் விலகிப் போகும்.

ஒரு வருஷம் மட்டும், மூன்று நாள் தொடர்ந்து காடு அழிந்த கோபத்தில், ரவை போட்டார். மறுமாதம் மாயாற்றுப் பக்கம் ஒரு யானை காலில் சீழ் பிடித்துச் செத்துக் கிடந்தது. பள்ளியில் நான், “எங்க அப்பா சுட்டது” என்று பெருமை பேசினேன். அன்றைக்கு அவர் என்னை அடித்தது இன்றும் நினைவிருக்கிறது. “நான் சுட்டதுதானான்னு எனக்கே தெரியாதுடா” என்றார். அடுத்த தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கியை அவர் திருப்பி வாங்கவே போகவில்லை.

சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் அழைத்து, செப்டம்பரில் குடகின் கைல்போது பண்டிகைக்குப் போயிருந்தேன். நாற்று நட்டு முடித்த பின் வரும் ஆயுத பூஜை அது. துப்பாக்கிகளைத் துடைத்து, குழலில் ‘தோக் பூ’ வைக்கிறார்கள். தோக் என்றால் துப்பாக்கி. பூ நம் செங்காந்தள்தான். பிறகு உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுடுகிறார்கள். குடகர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டாம் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது.

தேங்காய் சிதறியபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆயுதத்தின் நினைவு இப்படித் தேங்காயோடு நிற்பது நல்லதுதான். ஊர் திரும்பியதும் பேரன், “நம்ம வீட்டுத் துப்பாக்கி எங்க தாத்தா?” என்று கேட்டான். கெட்டிக்கிற விதத்தைச் சொன்னேன். மாயாற்று யானையையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொன்னால் அப்பாவே ஒத்துக்கொள்ள மாட்டார்.